நகமில்லாத காலடி

ஒரு காட்டில், கையில் ஒரு மணி தானியம் இல்லாதவர்களும் வயிறார வாங்கிச் சாப்பிட ஒரு வழி இருந்தது, குழந்தைகளே. தானியக் கிடங்கு வைத்திருந்த பெருச்சாளி ஆளுக்கொரு பூவரச இலை கொடுத்திருந்தது. இலையை நீட்டினால் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். பௌர்ணமிக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இதை மட்டும் பெருச்சாளி ரொம்ப மெதுவாகச் சொல்லும்!

அங்கே செவ்வந்தி என்றொரு தையல்சிட்டு இருந்தது. முள்ளம்பன்றி உதிர்த்த முள்தான் அதற்கு ஊசி. இலைகளைக் கோத்து மற்றப் பறவைகளுக்குக் கூடு தைத்துக் கொடுத்துப் பிழைத்துவந்தது. அந்த வருடம் மழை விடாமல் கொட்டியதால் கூடு தைக்க ஒருவரும் வரவில்லை. குஞ்சுகள் பசியில் கத்தின. செவ்வந்தி இலையை நீட்டி நீட்டித் தினை வாங்கியது. மூன்று பௌர்ணமி போயிற்று. கடன் கழுத்தை நெரித்தது.

ஒரு காலையில் கழுதைப்புலி மரத்தடியில் வந்து நின்றது. வசூலுக்கென்று பெருச்சாளி வைத்திருந்த ஆள் அது. தொண்டைதான் அதன் பலம்.

"ஏய் சிட்டு! கடனை எடு. இல்லாவிட்டால் கூட்டையும் ஊசியையும் பிடுங்கிக்கொண்டு போவேன்!"

"மெதுவாகப் பேசுங்கள் ஐயா, அக்கம்பக்கத்தில் கேட்கும்."

"கேட்கட்டுமே! நாளைக்கு மறுபடி வருவேன். காடே கூடி வேடிக்கை பார்க்கட்டும்!"

செவ்வந்தி கூட்டின் வாயை இழுத்து மூடிக்கொண்டு அழுதது. பாவம், கடனைவிட வெட்கம்தான் அதை அதிகமாக வாட்டியது. ஊசி போனால் குஞ்சுகளுக்கு அடுத்த வேளை இரை கிடையாது.

பக்கத்துக் கிளை மைனாவுக்கு ஊர்வம்பு என்றால் வெல்லம். அது எட்டிப் பார்த்தது.

"இதற்கா அழுகிறாய் செவ்வந்தி? என் இலையிலும்தான் கடன் இருக்கிறது. இந்த ஒன்றை மட்டும்தான் நான் வெளியில் சொன்னதில்லை!"

செவ்வந்திக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, அவன் ஆணை காட்டினானா?" என்றது மைனா.

"என்ன ஆணை?"

"நல்லாய்க் கேட்டாய் போ! நமக்கு நீதி சொல்வது யானை. யானை விசாரித்து, தன் காலடியைப் பதித்துத் தந்த மண்கட்டி இல்லாமல் யார் வீட்டிலும் ஒரு துரும்பைக்கூட எடுக்கக் கூடாது. போன கோடையில் உடும்பு வீட்டில் நான் கண்ணால் பார்த்தேனே!"

மறுநாள் செவ்வந்தி ஒளியவில்லை. அக்கம்பக்கத்தார் எல்லோரையும் அதுவே போய் அழைத்து வந்திருந்தது.

"வாருங்கள் ஐயா. யானையின் காலடி எங்கே?"

கழுதைப்புலி திருதிருவென்று விழித்தது. "அதுவா? இதோ, மறந்து வைத்துவிட்டேன்!" என்று புதருக்குப் பின்னால் ஓடி, ஒரு மண்கட்டியோடு திரும்பியது. அதில் வட்டமாக ஒரு தடம் இருந்தது.

"ஈரம்கூடக் காயவில்லையே!" என்றது மைனா.

தையல்காரியின் கண் அல்லவா? செவ்வந்தி குனிந்து பார்த்தது. "வட்டம் சரி ஐயா. யானையின் கால்நகங்கள் எங்கே? மரக்கட்டையை வைத்து அமுக்கினீர்களா?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். கழுதைப்புலி வாலைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கியது.

அத்தனை பேரும் சேர்ந்து யானையிடம் போனார்கள். பெருச்சாளியையும் அழைத்து யானை விசாரித்தது.

"தினை வாங்கியது உண்மையா?"

"உண்மை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடுகிறேன்," என்றது செவ்வந்தி.

"அப்படியே செய். கூட்டையும் ஊசியையும் எவரும் தொடக் கூடாது. ஊசியைப் பிடுங்கினால் நீ எதைக்கொண்டு கடனை அடைப்பாய்?" என்ற யானை, பெருச்சாளியின் பக்கம் திரும்பியது. "ஒன்று நான்கான கதையை நீ இப்போது எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல், பார்க்கலாம்!"

பெருச்சாளி மெல்ல நழுவப் பார்த்தது. வாங்கிய அளவு தந்தால் போதும் என்று தீர்ப்பாயிற்று.

வெயில் வந்தது, வேலையும் வந்தது. பௌர்ணமிதோறும் இரண்டு பிடி தினை கொடுத்துச் செவ்வந்தி கடனை அடைத்தது. அந்தப் பூவரச இலையை என்ன செய்தது தெரியுமா? கூட்டில் ஒழுகிய இடத்தில் வைத்துத் தைத்துவிட்டது.

நீதி: பட்ட கடனை அடைப்பது கடமை; பறிக்க வருபவரிடம் ஆணையைக் கேட்பது உரிமை. வெட்கப்பட்டு இரண்டையும் விட்டுவிடாதே.