நீதிபதியை மனசாரப் புகழ்ந்தவர்

மாவட்ட நீதிபதி அம்பலவாணருக்கு உயர்நீதிமன்ற நாற்காலி மேல் ஒரு கண். பட்டியலில் பெயரும் ஏறிவிட்டது. ஆள் எப்படி என்று பார்க்க மேலிடத்து நீதிபதி ஒருவர் வருகிறார் என்றதும், கோர்ட் வாசலில் பெயர் கூப்பிடும் டவாலி பிச்சாண்டியை அறைக்குள் அழைத்தார்.

“இங்கே வழக்கு நடத்துற ஒருத்தன் அவர் முன்னாடி என்னை மனசாரப் புகழணும். சொல்லிக்கொடுத்தா அவர் கண்டுபிடிச்சிடுவார். நாளைக்குள்ள ஆள் வரலைன்னா உன்னை மலைமேல இருக்கிற கோர்ட்டுக்குத் தூக்கி அடிச்சிடுவேன்!”

பிச்சாண்டி தாழ்வாரத்தில் காத்துக் கிடந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டு நழுவினார்கள். ஒருவர் மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக, “நான் வர்றேங்க” என்றார்.

மறுநாள் அவர் உள்ளே வந்ததும் மேலிடத்து நீதிபதி ஆவலோடு கேட்டார்: “உங்க ஜட்ஜ் எப்படி?”

“தங்கமான மனுஷருங்க! வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வீட்டுக்காரர் என்மேல கேஸ் போட்டு மூணு வருஷமாச்சு. நாற்பத்தோரு தடவை வாய்தா கேட்டேன், ஒரு தடவைகூட இல்லைன்னு சொன்னதில்லை. பொண்ணு கல்யாணத்தை அந்த வீட்டிலேயே முடிச்சேன். இப்ப அதுமேல மாடி எடுத்துக் கட்டலாம்னு இருக்கேன்.”

மேலிடத்து நீதிபதி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். அம்பலவாணர் பிச்சாண்டியை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

பிச்சாண்டி பணிவாகக் கை கட்டினார். “கோர்ட் முழுக்கச் சலிச்சுப் பார்த்துட்டேன் ஐயா, மனசாரப் புகழ இவர் ஒருத்தர்தான் அகப்பட்டார். இனி என்னை மலைக்கு அனுப்ப மாட்டீங்கதானே?”