வேப்பேரி வீட்டுக் கதவுக்கட்டை

வேப்பேரியில் ஏழு மாடி, எட்டு மாடி எழும்பிவிட்ட தெருவில், ஒரே ஒரு பழைய வீடு மட்டும் ஓரமாக ஒடுங்கி நிற்கிறது. விக்டோரியா மகாராணி காலத்தில் ஞானாபரணத்தின் பாட்டனார் கட்டியது. வளைவு வைத்த தாழ்வாரம், வாசலுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாய்க் கண்ணாடி, கதவுக்குப் பின்னால் குறுக்கே போட ஒரு தேக்குக் கட்டை. அந்தக் கட்டையைப் பற்றித்தான் பேச்சு.

அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. கடைசியாக வீட்டுக்குள் வருகிறவர் "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டையைப் போடவேண்டும். ஒருவர் வெளியே இருந்தாலும் போடக்கூடாது.

ஞானாபரணத்துக்குத் தேவவரம், சலோமி, அருமைநாயகம் என்று மூன்று பிள்ளைகள். கடைக்குட்டி அருமைநாயகம் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வெளிநாடு போய் முப்பது வருஷமாகிறது. அன்றிலிருந்து சலோமி அந்தக் கட்டையைத் தொடவில்லை. வெறும் தாழ்ப்பாளோடு படுத்தாள்.

"திருடன் வந்தா என்னடி பண்ணுவே?" என்று அண்ணன் திட்டுவார்.

"தம்பி வந்தா என்ன பண்றது?" என்பாள்.

அவள் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

அப்பா சாகுமுன் உயில் எழுதினார்: "மூன்று பிள்ளைகளும் ஒன்றுசேரும் நாளில், நம் பழக்கப்படி யார் கட்டையைப் போடவேண்டுமோ, வீடு அவருக்கு." மகா கோபக்காரர்தான், ஆனாலும் ஓடிப்போன பிள்ளையை மறக்கவில்லை பாருங்கள்!

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், கொட்டுகிற மழையில் ஆட்டோ வந்து நின்றது. தேவவரம் காலையிலேயே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தார். சலோமி செருப்புக்கூடப் போடாமல் குடையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள்.

"ஐயோ, தலையெல்லாம் நரைச்சுப் போச்சேடா!" என்று அழுதாள். தம்பிக்குக் குடை பிடித்து, தான் நனைந்தபடி அழைத்து வந்தாள். அவன் பெட்டியோடு உள்ளே போனான். அவள் படியில் நின்று குடையை உதறி மடக்கினாள்.

தலைகூடத் துவட்டவில்லை, அதற்குள் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"இவன் வந்துட்டுப் போற விருந்தாளி. மூத்தவன் நான் போடறேன். பில்டர்கிட்டப் பேசியாச்சு" என்றார் தேவவரம்.

"முப்பது வருஷம் கழிச்சு வந்த நான்தானே அண்ணா கடைசி?" என்றான் அருமைநாயகம். "நான்தான் போடணும். எனக்கும் இந்த வீடு வேண்டாம், வித்துடலாம்."

சலோமி ஈரப் புடவையோடு கதவுக்கு மேலிருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சரி, நீங்களே சொல்லுங்கள். அந்தக் கட்டையைப் போடவேண்டியவர் யார்?

விடை: சலோமிதான். பழக்கத்தில் மூத்தவர் என்று தனிச் சலுகை கிடையாது. தம்பியை முன்னால் அனுப்பிவிட்டு, குடையை உதறிக்கொண்டு பின்னால் வந்தவள் அவளே. அதை முதலில் கண்டுகொண்டவன் அருமைநாயகம். தரையில் அவனுடைய ஷூ தடத்தின்மேல் அவளுடைய வெறுங்கால் தடம் இருந்தது.  கட்டையைத் தூக்கி அவள் கையில் கொடுத்து, "நீதாங்க்கா கடைசி" என்றான். தேவவரமும் குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டு, கதவை விட்டு விலகி வழிவிட்டார். "எல்லாரும் வந்தாச்சா?" என்று சலோமி கேட்டாள். "வந்தாச்சுக்கா" என்று தம்பி சொன்னதும், முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்தக் கட்டையைப் போட்டாள்.