அமைச்சர் வேட்டியில் அக்கரைக் கரி

ஆற்றின் இக்கரைச் செங்கல் சூளைகளுக்கு அமைச்சர் மருதப்பர் புகைவரி போட்டார். சூளைக்காரர்கள் அக்கரை நாட்டுக்குப் போய்விட்டார்கள். புகையைக் குறைத்துக்கொண்டு இங்கேயே தங்கியவள் செல்லாண்டி மட்டும்தான்.

ஒருநாள் அமைச்சரின் வெள்ளை வேட்டியில் கரி படிந்தது.

"இன்னொரு பொட்டுக் கரி விழுந்தால் உன் சூளைக்குப் பூட்டு!" என்றார்.

செல்லாண்டி அன்றே நெருப்பை அணைத்துவிட்டாள். மறுநாள் வேட்டி இன்னும் கறுத்திருந்தது. அமைச்சர் அவளை ராஜாவிடம் இழுத்துப் போனார்.

"என் சூளை நேத்தே அணைஞ்சு போச்சு மகாராஜா. இது அமைச்சர் ஐயாவோட புது மாளிகைக்கு அக்கரையில செங்கல் சுடுற புகை. அங்கே வரி இல்லை, மலிவு. செங்கல் படகுல வருது, கரி காத்துல வருது."

ராஜா சிரித்துவிட்டார். அன்று முதல் படகுத்துறையில் அக்கரைச் செங்கலுக்கும் புகைவரி. செல்லாண்டி மறுபடி சூளை மூட்டினாள். துறையில் முதல் ஆளாக வரி செலுத்த வந்த மருதப்பர், முன்னெச்சரிக்கையாகக் கறுப்பு வேட்டியில் வந்திருந்தார்.