இறக்கை ஆட்டிய பதில்

"நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ வாயே திறக்கக் கூடாது" என்று சொல்லித்தான் பயிற்சியாளர் கேப்டன் தாமோதரன் மாணவி ரெஜினாவை விமானத்தில் ஏற்றினார்.

மேலே போனதும் ஆரம்பித்தார். "ரேடியோ இருக்கும்போது கட்டுப்பாட்டுக் கோபுரத்து விளக்கு சைகையெல்லாம் எதுக்கு? இந்தப் பாடத்தை வச்ச நம்ம பயிற்சிப் பள்ளி முதலாளி ஒரு முட்டாள்!"

இறங்கப் போகும் நேரத்தில் ரெஜினா விமானத்தின் இறக்கைகளை ஆட்டினாள்.

கேப்டன் அலறினார். "என்ன பண்றே? சொல்லித் தொலை!"

"கோபுரத்துல சிவப்பு விளக்கு சார். இறங்காம சுத்தச் சொல்றாங்க. பார்த்துட்டேன்னு ஆட்டினேன்."

"ஏன், ரேடியோல சொல்ல மாட்டாங்களா?"

"ஏறினதுலேருந்து உங்க கட்டைவிரல் ரேடியோல பேசுற பொத்தானை அமுக்கிட்டே இருக்கு சார். அவங்க பேசுறது நமக்குக் கேட்காது, நாம பேசுறதுதான் அவங்களுக்குக் கேட்கும்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க பேசி முடிக்கலையே சார்."

கேப்டன் சட்டென்று விரலை எடுத்தார். உடனே ரேடியோ பேசியது.

"அந்த முட்டாள்தான் பேசுறேன். ஓடுபாதை காலியானதும் ரெஜினாவே விமானத்தை இறக்கட்டும். கேப்டன், நீங்க எதையும் தொடாதீங்க."