இரண்டு தடவை எரிந்த மோட்டார்

“அம்மணி, நீ கட்டிக் குடுத்த மோட்டாரும் எரிஞ்சு போச்சு” என்றார் நாச்சிமுத்து.

கோணிப்பையிலிருந்து மோட்டாரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

கோகிலாமணி அதைக் குனிந்து மோந்து பார்த்தாள். ஆவாரம்பாளையத்தில் எரிந்த மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவள். வயது முப்பத்திரண்டு. அவருக்கு அறுபத்தொன்று. ஆனாலும் மோட்டார் விஷயத்தில் அவள்தான் குரு. இதை ஒப்புக்கொள்ள அவருக்கு மோட்டார் இரண்டு தடவை எரிய வேண்டியிருந்தது.

“எப்படிங்ணா எரிஞ்சுது?”

“லேத்துல மாட்டி சுவிட்சைப் போட்டேன். ‘உம்ம்’னு ஒரு சத்தம். அப்பறம் புகை. போன தடவையும் இதே உம்முதான்.”

“அப்பறம் என்ன பண்ணுனீங்க?”

“எலுமிச்சம்பழம் நசுக்குனேன்.”

“அப்பறம்?”

“பூசணிக்காய் சுத்தி உடைச்சேன்.”

“லேத்துக்குங்களா?”

“மோட்டாருக்கு! லேத்துக்கு என்ன கேடு? முப்பத்தெட்டு வருசமா ஓட்டறேன். தங்கம்.”

பேரனைக் குறை சொன்னால்கூட நாச்சிமுத்து பொறுத்துக்கொள்வார். இரும்பு கடையும் அந்த லேத்தைச் சொல்லக் கூடாது.

“பழசு ஒரு எச்பி. பத்தல போல. மூணு எச்பில ஒண்ணு குடு அம்மணி. இன்னைக்கே ஓடோணும். இல்லீன்னா என் தம்பி லேத்தை இரும்புக் கடைக்குப் போட்டுருவான். வண்டி வாசல்ல நிக்குது.”

அழுதுவிடுவாரோ என்று கோகிலாமணிக்கே பயமாகிவிட்டது.

அவள் மோட்டார் எதையும் எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பட்டறைப் பக்கம் நடந்தாள்.

“மோட்டாரு?” என்று கேட்டுக்கொண்டே அவர் பின்னால் ஓடினார்.

பதில் இல்லை. குருமார்களுக்கு இது ஒரு வசதி.

பட்டறை வாசலில் இரும்பு வண்டி நின்றது. கடப்பாரையோடு இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி குப்புராஜ் கையைக் கட்டிக்கொண்டு லேத்தை முறைத்துக்கொண்டிருந்தார்.

இரும்புத் துண்டைக் கவ்விச் சுழல்கிற லேத்தின் சக்கில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் துளி கலையாமல் இருந்தன.

“பூஜை முடிஞ்சு எத்தனை நாளுங்ணா ஆச்சு?”

“மூணு வாரம்.”

“சக்கைக் கையால சுத்துங்க.”

“கையாலயா? அதுக்குத்தான மோட்டாரு?”

“மோட்டாருதான் இல்லீங்களே. சுத்துங்க.”

நாச்சிமுத்து ஒரு கையால் சுற்றினார். அசையவில்லை. இரண்டு கையும் போட்டார். லேத்தின் காலில் காலை முட்டுக் கொடுத்து இழுத்துப் பார்த்தார்.

“தள்ளுங்ணா” என்று தம்பி வந்தார். அவராலும் ஆகவில்லை. பாவம் பார்த்து வண்டிக்காரர்கள் இரண்டு பேரும் டீயை வைத்துவிட்டு வந்து பிடித்தார்கள்.

நாலு பேரும் மூச்சைப் பிடித்து முக்கினார்கள்.

“உம்ம்ம்...”

“இதே சத்தந்தானுங்களா?” என்று கேட்டாள் கோகிலாமணி.

நாச்சிமுத்து மெதுவாகச் சக்கை விட்டார். பூஜைக்கு முதல்நாள் லேத்தைத் துடைத்தது அவர்தான். சக்கைக் கழற்றினால்தான் உள்ளே துடைக்க முடியும். கழற்றும்போது அது கூடவே சுற்றாமல் இருக்க, பேக் கியர் என்கிற பின்பக்கப் பல்சக்கரத்தைப் போட்டுப் பூட்டியதும் அவர்தான். துடைத்தார், திரும்ப மாட்டினார், பொட்டு வைத்தார், கும்பிட்டார். பூட்டை எடுக்கவில்லை.

அவர் லேத்துக்குப் பின்னால் போய்ப் பூட்டின் கைப்பிடியைத் தள்ளினார்.

சக் சட்டென்று சுற்றியது. அதைப் பிடித்து முக்கிக்கொண்டே இருந்த குப்புராஜ் தடாலென்று வண்டிக்காரர் மேல் விழுந்தார்.

“அப்ப இரும்பு?” என்று கீழே கிடந்தபடியே கேட்டார் வண்டிக்காரர்.

“கிளம்புங்க” என்றார் குப்புராஜ், அவர் மேலிருந்து எழாமலே.

நாச்சிமுத்துவை வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கம் வந்தால் நாம் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். குருவின் மேல் பாய்ந்தார்.

“மொதல் தடவ எரிஞ்சப்பவே இதைச் சொல்லியிருக்கலாமல்ல அம்மணி?”

“எங்கிட்ட நீங்க மோட்டாரைத்தானுங்ணா தூக்கிட்டு வந்தீங்க.”