கம்பெனிக்கு மொய் விருந்து

கோணக்கொல்லைக்காரர்கள் எதையும் அரைகுறையாகச் செய்து பழகாதவர்கள். முட்டாள்தனமாக இருந்தாலும் அதை முழுசாகச் செய்துவிட்டுத்தான் கை கழுவுவார்கள். அந்த ஊர் அடைக்கலத்தின் போர் மோட்டார் ஆடி மாசத்தில் புகைந்துபோனது. கொல்லையில் கடலைச் செடி தலை தொங்கிக் கிடந்தது. சீக்கிரம் தண்ணீர் பாயாவிட்டால் அது மாட்டுக்குத்தான் ஆகும்.

எங்கள் பக்கத்தில் கஷ்டம் வந்தால் மொய் விருந்து வைப்பார்கள். பந்தல் போட்டுக் கறிச்சோறு போட்டால், சாப்பிட்டவர்கள் ஆளுக்கு ஒரு தொகை எழுதிவிட்டுப் போவார்கள். நாளைக்கு அவர்கள் விருந்து வைக்கும்போது வாங்கினவர் கொஞ்சம் கூடப் போட்டுத் திருப்பிச் செய்யவேண்டும். அடைக்கலமும் அப்படி வைத்தார். செலவு போக அறுபதாயிரம் தேறியது. மடியில் கட்டிக்கொண்டு பட்டுக்கோட்டைக்கு மோட்டார் வாங்கப் புறப்பட்டார். துணைக்குப் பெரியப்பா மகன் வைரக்கண்ணுவும் தங்கச்சி புருஷன் திருமேனியும் வந்தார்கள். துணைக்கு ஆள் இல்லாமல் போயிருந்தால் மோட்டார் வந்திருக்கும்.

பஸ் வரத் தாமதமானது. வைரக்கண்ணு செல்போனை எடுத்து ‘அதிர்ஷ்ட அண்டா’ என்று ஒரு விளையாட்டைக் காட்டினார். பணம் கட்டிப் பொத்தானை அமுக்கினால் மூன்று படம் சுழலும். மூன்றும் அண்டாவாக வந்து நின்றால் பரிசு. அடியில் ‘பொறுப்புடன் விளையாடவும்’ என்று எழுதியிருந்தது.

“பாத்தியா, ஆளுக்கு ஒரு பொறுப்பு இருக்கணும்கிறான்” என்றார் வைரக்கண்ணு. “போனைப் புடிக்கிற பொறுப்பு எனக்கு. அமுக்குறது அடைக்கலம்.”

“எனக்கு?” என்று திருமேனி பதறினார்.

“நீ போன் சூடாகாம வீசிக்கிட்டு நில்லு மாப்ளே.”

திருமேனி துண்டால் வீச, அடைக்கலம் ஆயிரம் ரூபாயை வைரக்கண்ணுவிடம் கொடுத்து, அவர் போன் கணக்கிலிருந்து கட்டச் சொல்லி அமுக்கினார். அண்டா, அண்டா, அண்டா! மேளம் கொட்டியது. ‘நாற்பது லட்சம்’ என்று எழுத்து மின்னியது. திரையில் காசு கொட்டியதைப் பார்த்துத் திருமேனி வீசுவதை நிறுத்திவிட்டுத் துண்டைப் போனுக்குக் கீழே விரித்துப் பிடித்தார். காசெல்லாம் கொட்டி முடித்த பிறகு பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது: ‘அதிகபட்ச வழங்குதொகை ரூபாய் ஐயாயிரம் மட்டும்.’

மூன்று பேரும் துண்டை உதறிப் பார்த்தார்கள். பிறகு கம்பெனியிடமே கேட்டார்கள். மதுமிதா என்ற பெண் உடனுக்குடன் எழுத்தில் பதில் அனுப்பினாள். பெண்ணோ மிஷினோ, சிரித்த படம் ஒன்று இருந்தது.

“ஏம்மா, நாப்பது லட்சம்னு காட்டிட்டு அஞ்சாயிரம் குடுக்குறது ஞாயமா?”

‘வணக்கம் ஐயா! ஒருவருக்கு ஒருமுறை அதிகபட்சம் ஐயாயிரம். எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் இது மிகவும் நியாயமானது.’

“சரி, தோக்குறதுக்கு அதிகபட்சம் எம்புட்டு?”

‘அதற்கு வரம்பு கிடையாது ஐயா! நீங்கள் விரும்பும் அளவுக்குத் தோற்கலாம்.’

அடைக்கலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “பெத்தவங்ககூட இப்படி விட்டுக்குடுத்ததில்ல அண்ணே. விரும்புற அளவுக்காம்!”

“ஒருவருக்கு அஞ்சாயிரம்னுதானே சொல்றா?” என்று திருமேனி யோசித்தார். “மூணு பேரும் சேந்து அமுக்கினா பதினஞ்சாயிரம் ஆச்சே?”

மூன்று கட்டைவிரலும் ஒரே பொத்தானில் ஏறின. போனுக்கு எந்த விரல் யாருடையது என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் தனித்தனியே பணத்தை எடுத்துக்கொண்டது. ஜெயித்த ஐயாயிரமும் கைப்பணத்தில் கொஞ்சமும் போன பிறகுதான் விரலை எடுத்தார்கள்.

நீங்களும் நானும் என்றால் அங்கேயே நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மோட்டார் கடைக்குப் போயிருப்போம். வைரக்கண்ணு நிதானமானவர். வெகுநேரம் யோசித்துவிட்டு, “பாவம்டா கம்பெனி” என்றார்.

“என்ன அண்ணே?”

“நாப்பது லட்சம் குடுக்கணும்னு மனசுல இருக்கு. அதான் கொட்டை எழுத்துல எழுதிக் காட்டுனான். கையில இல்ல. இருக்குறவன் அஞ்சாயிரத்துக்கு மேல முடியாதுன்னு ஊரறிய எழுதிப் போடுவானா? எம்புட்டு மானக்கேடு!”

மூன்று பேரும் மோட்டாரை மறந்து ஊருக்குத் திரும்பினார்கள். கஷ்டப்படுகிற வீட்டுக்குக் கோணக்கொல்லையில் ஒரே மருந்துதான். மறுவாரமே பந்தல் எழும்பியது. ‘அதிர்ஷ்ட அண்டா கம்பெனியார் இல்ல மொய் விருந்து’ என்று பிளக்ஸ் அடித்து, மதுமிதாவின் படத்தை நடுவில் போட்டார்கள். கம்பெனி சார்பில் முன்னின்று அழைப்பவர்கள் என்று மூன்று பேரும் கும்பிட்டபடி ஓரத்தில் நின்றார்கள். ஆட்டுக்கும் அரிசிக்கும் கம்பெனி பெயரில் கடன் சொல்லி வாங்கினார்கள்.

அடைக்கலத்தின் மனைவி சிவபாக்கியம் வெளியூரில் பிறந்தவள். அதனால் கேள்வி கேட்பாள்.

“ஏங்க, மோட்டார் காசையா எழுதப்போறீங்க? கொல்லை கருகுது!”

“கம்பெனி திருப்பிச் செய்யும்போது கூடப் போட்டுத்தானே செய்யணும்? ரெண்டு மோட்டாரா வாங்கிக்கலாம் பாக்கியம்.”

“சரி, மொய் நோட்டுல ஊர் பேர் எழுதணுமே. கம்பெனிக்கு எந்த ஊரு?”

இது பெரிய சிக்கல்தான். ஊர் தெரியாதவரிடம் மொய்யை எப்படித் திருப்பி வாங்குவது? பந்தலில் பேச்சு நீண்டது. சிங்கப்பூர் என்றார் ஒருவர். போனுக்குள்தான் இருக்கிறது என்றார் இன்னொருவர். கடைசியில் சிக்னல் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் குடியிருக்க வேண்டும் என்று முடிவாகி, ‘டவர் பக்கத்து வீடு’ என்று எழுதினார்கள். டவருக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணைதான் இருக்கிறது. அதை யாரும் சொல்லவில்லை.

அடைக்கலம் முதல் மொய்யாக, மிச்சமிருந்த மோட்டார் காசு முழுவதையும் எழுதினார். ஊர் மூன்று பந்தி சாப்பிட்டுவிட்டுத் தாராளமாக எழுதியது.

மொய்யைக் கம்பெனியிடம் சேர்க்க ஒரே வழிதான் இருந்தது. பணத்தைப் போனில் ஏற்றி விளையாடித் தோற்க வேண்டும். மதுமிதாதான் வரம்பில்லை என்று அனுமதி கொடுத்திருக்கிறாளே! மூன்று பேரும் குளித்துத் திருநீறு பூசி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு அமுக்குக்கும் திருமேனி, “மாரியாத்தா, அண்டா வரக்கூடாது” என்று வேண்டிக்கொண்டார். ஒரு தடவை இருநூறு ரூபாய் விழுந்துவிட்டது. மூவருக்கும் கூசிப்போனது.

“மொய் வைக்க வந்த எடத்துல கைநீட்டி வாங்கிட்டமே!” என்று அடைக்கலம் தலையில் அடித்துக்கொண்டார். மதுமிதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதையும் தோற்றார்கள். சாயங்காலத்துக்குள் மொத்த மொய்யும் போய்ச் சேர்ந்தது. கம்பெனி ஒரு பைசாவைக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கம்பெனிக்காரன் மட்டும் இந்தக் கதையில் முட்டாள் இல்லை.

மறுநாள் காலை வைரக்கண்ணு உரிமையோடு கேட்டார்: “மதுமிதா, இப்ப கை கொஞ்சம் தாராளமா இருக்குமே. அந்த நாப்பது லட்சத்த அனுப்பும்மா. அடைக்கலத்துக்கு மோட்டார் வாங்கணும்.”

‘வணக்கம் ஐயா! இன்று முதல் புதிய விதி. அதிகபட்ச வழங்குதொகை ரூபாய் இரண்டாயிரம் மட்டும்.’

பந்தலில் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். இத்தனை மொய் விழுந்தும் ஐயாயிரம் கொடுத்துக்கொண்டிருந்தவன் இரண்டாயிரத்துக்கு இறங்கியிருக்கிறான் என்றால் அந்தக் குடும்பம் என்ன பாடு படும்!

“இப்பவாவது புரியுதா?” என்றாள் சிவபாக்கியம்.

“புரியுது பாக்கியம்” என்று அடைக்கலம் தழுதழுத்தார். “விருந்துச் செலவு யாரு தலையில? கம்பெனி தலையில. ஆளாளுக்கு மூணு தடவ கறி வாங்கித் தின்னு அந்தக் கம்பெனிய நொடிக்க வச்சிட்டமே!”

ஊரே தலைகுனிந்தது. ஈரல் கேட்டு வாங்கித் தின்றவர்கள் எழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அடைக்கலம் அன்றைக்கே புகைந்த மோட்டாரைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டு, அந்தக் காசை அடுத்த விருந்துக்கு முதல் மொய்யாக எழுதிக்கொடுத்தார்.

வருகிற வெள்ளிக்கிழமை இரண்டாவது விருந்து. அதே பந்தல், அதே பிளக்ஸ், அதே மதுமிதா. அடியில் மட்டும் ஒரு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்: ‘சாம்பார் சாதம் மட்டுமே. ஒருவருக்கு அதிகபட்சம் ஒரு கரண்டி. மொய்க்கு வரம்பு கிடையாது.’