மெழுகில் இருந்த பள்ளம்

கோவை கணபதியில், பழைய மின்விசிறிகளை உருக்கி வீட்டிலேயே விளக்கு வார்க்கும் பொழுதுபோக்குடைய திருமூர்த்தி என்பவர், 2017 புரட்டாசியில் சொல்லக் கேட்ட கதை இது. அடுத்த தை மாதம் மீண்டும் சொல்லச் சொன்னபோது அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. குருவைக் காட்டிலும் சீடர் இருபத்துமூன்று வயது மூத்தவர் என்பதில், இந்தக் கதைக்கு வெவ்வேறு ஊர்களில் கிடைத்த ஐந்து பாடங்களும் ஒத்துப்போகின்றன.

*

“நாலு மாசமா வர்றேனுங்க அம்மிணி. வீட்டுல வெச்சுக்க ஒரு சாமான் இல்லை.”

சென்னியப்பன் இதைச் சொன்னபோது, அவர் கையில் சூடு முழுதும் ஆறாத ஓர் அலுமினியக் கிண்ணம் இருந்தது. விளிம்பு வழுவழுப்பாக வந்திருந்தது. அடியில் ஊசித்துளை ஒன்றுகூட இல்லை.

லூர்துமேரி கையை நீட்டினார்.

சென்னியப்பன் கொடுத்தார்.

வாங்கியவர் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, அடுப்பில் சிவந்துகொண்டிருந்த உலோகம் உருக்கும் மூசைக்குள் இடுக்கியால் இறக்கினார். கிண்ணம் சற்று நேரம் கிண்ணமாகவே நின்றது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“நல்லாத்தானே வந்துது?”

“நல்லா வந்ததாலதானுங்க சார்.”

“போன வாரம் சொட்டையா வந்ததை மட்டும் வீட்டுக்குக் குடுத்து விட்டீங்க. ஒரு வாரம் பாத்துட்டு வான்னீங்க.”

“கெட்டுப்போனதுல பாக்கறதுக்கு எவ்வளவோ இருக்குது. நல்லதுல பாக்க என்னங்க இருக்குது?”

*

லூர்துமேரி பதினாறு ஆண்டுகள் ஒரு வார்ப்பாலையில் மணல் அச்சு பிடித்தவர். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், வீட்டில் உலோகம் வார்த்துப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குத் தம் வீட்டுப் பின்புறத்தில் கற்றுக்கொடுத்தார். உட்புறம் களிமண் பூசிய பெயின்ட் டப்பாதான் அடுப்பு. கொட்டாங்கச்சிக் கரி, காற்றுக்கு ஒரு ஹேர் டிரையர். ஐந்தாறு பேர் வந்தார்கள்.

சென்னியப்பன் நில அளவைத் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் அளவுச் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். மணல் சலிக்கச் சொன்னால் இரண்டு முறை சலிப்பார். உலோகத்தின் மேல் மிதக்கும் கசடை எடுக்கச் சொன்னால், எத்தனை கரண்டி எடுத்தார் என்று குறித்துக்கொள்வார்.

“என்ன வார்க்கோணும்னு வந்தீங்க சார்? மொத நாளே கேட்டேன்.”

“சொன்னேனுங்களே. காயிதம் பறக்காம வைக்க ஒரு கட்டி.”

“அதுக்கு ஒரு கல்லு போதுமே. நொய்யல்ல தண்ணியில்லாட்டியும் கல்லு கெடக்குது.”

மற்றவர்கள் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார்.

அவர் சொன்னது பொய்.

*

அவர் மனைவி ராமாத்தாள், தையற்கடைகளிலிருந்து ரவிக்கைகளை வாங்கிவந்து கொக்கி கட்டிக் கொடுப்பவர். நூல் முறுக்காமலும் அறாமலும் இருக்க, அதை ஒரு தேன்மெழுகுக் கட்டியின் மேல் இழுத்துக்கொள்வார். ஒரே கட்டி, பதினெட்டு ஆண்டுகள். எலுமிச்சம்பழ அளவுக்குத் தேய்ந்துவிட்ட அதன் மேல், நூல் போன வழியெல்லாம் கோடு விழுந்திருந்தது. பதினேழு கோடுகள். அடிப்பக்கத்தில், எப்போதும் அவர் கட்டைவிரல் பதிந்த இடத்தில், ஒரு பள்ளம்.

நூல் மெழுகில் உராயும்போது கீச்சென்று ஒரு சத்தம் எழும். காலையில் செய்தித்தாள் படிக்கும் சென்னியப்பனுக்கு அது ஆகாது.

“பின்னால போய்ப் பண்ணக்கூடாதா?” என்று ஒருநாள் சொன்னார்.

அன்றிலிருந்து ராமாத்தாள் பின்னறையில் உட்கார்ந்துதான் தைத்தார். பதினோரு ஆண்டுகள். அந்த அறையில் ஜன்னல் இல்லை.

அவர் இறந்து இரண்டாம் சித்திரையில், சென்னியப்பன் பீரோவைத் திறந்தார். வெயிலின் புழுக்கத்தில் மெழுகு இளகியிருந்தது. பள்ளத்தின் ஒரு விளிம்பு மங்கிவிட்டிருந்தது.

இன்னொரு சித்திரை வந்தால் விரல் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்தது. பித்தளை இளகாது. ஆவணியில் அவர் லூர்துமேரியின் வாசலில் வந்து நின்றதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இதைச் சொல்லலாம். ஆனால் மெழுகைக் காட்டினால் பள்ளத்தைச் சொல்ல வேண்டும். பள்ளத்தைச் சொன்னால் பின்னறையைச் சொல்ல வேண்டும்.

*

“அம்மிணி, மெழுகுல மாதிரி செஞ்சு வார்க்கறாங்களாமே. அதைச் சொல்லிக் குடுங்க.”

“மெழுகுல என்னத்தச் செய்யோணும்?”

“சும்மா, பழகிக்கத்தான்.”

லூர்துமேரி அவரைச் சற்று நேரம் பார்த்தார்.

“சரிங்க.”

மெழுகின் மேல் களிமண் குழம்பை மயிர்த் தூரிகையால் பூசுவது. அது காய்ந்தபின் அடுத்த பூச்சு. மேலே உலோகம் ஊற்ற ஒரு வாய், காற்று வெளியேற ஒரு வழி. பிறகு கவிழ்த்து வைத்துச் சூடாக்கினால் மெழுகு வடிந்துவிடும். உள்ளே அதன் வடிவம் வெறுமையாக நிற்கும். அந்த மண்ணைச் சிவக்கச் சுட்டு, சூடு ஆறுமுன் ஊற்ற வேண்டும்.

“ஈரம் துளிகூட இருக்கக்கூடாதுங்க சார். கொதிக்கற பித்தளை மூஞ்சிக்குத் திரும்பி வரும். காத்து வர்ற பக்கமா நில்லுங்க. பித்தளைப் புகை நெஞ்சுக்கு ஆகாது.”

சென்னியப்பன் கடையில் வாங்கிய மெழுகுவர்த்திகளை உருக்கி, எலுமிச்சம்பழ அளவில் கட்டி பிடித்தார். அதன் மேல் நூலால் அறுத்துக் கோடு இட்டார். அடியில் தம் கட்டைவிரலை அழுத்தினார். வார்த்தார். லூர்துமேரி அதை உருக்கினார்.

அடுத்த வாரமும் அதே வடிவம். அதற்கடுத்த வாரமும்.

“எலுமிச்சம்பழமுங்களா சார்?”

“அப்படித்தான் வெச்சுக்குங்க.”

“எலுமிச்சம்பழத்துல யாருங்க நூலை இழுப்பாங்க?”

சென்னியப்பன் கரிக்கூடையை நகர்த்தி வைத்தார்.

“ஏதாச்சும் கேக்கோணும்னா கேட்டுப்போடுங்க. கேக்காம உட்டதைத்தான் இந்த வேலையில திருத்த முடியறதில்லை.”

சென்னியப்பன் வாயைத் திறந்தார். பக்கத்தில் பழகிக்கொண்டிருந்த ஒருவர் மூசையை எடுக்கத் தடுமாறினார். லூர்துமேரி அந்தப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது, சென்னியப்பன் மணல் சலித்துக்கொண்டிருந்தார்.

*

மாசி மாதம், ஒரு புதன்கிழமை காலை, தம் வீட்டு முற்றத்தில் அவர் அடுப்பு மூட்டினார்.

மண் பூச்சுக்கு மட்டும் பதினோரு நாட்கள் எடுத்துக்கொண்டிருந்தார். முதல் பூச்சுக்கு முன், பீரோவில் இருந்த அந்தத் தேன்மெழுகுக் கட்டியை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பள்ளத்தில் விரலை வைக்கவில்லை. ராமாத்தாளுக்குப் பின் யாரும் வைத்ததில்லை.

மண் சூடேறியது. கீழே வைத்திருந்த வட்டிலில் மெழுகு சொட்டத் தொடங்கியது. பிறகு நூலாக இறங்கியது. வீடு முழுதும் தேன்வாசம் எழுந்தது. புகை சேரக்கூடாது என்று லூர்துமேரி சொல்லியிருந்தார். சென்னியப்பன் எழுந்து எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டார். வாசம் வெளியேறியது.

பழைய பித்தளைத் தண்ணீர்க் குழாய் ஒன்றை அறுத்து உருக்கிவைத்திருந்தார். மண் சிவந்ததும் ஊற்றினார்.

ஆறியபின் மண்ணை உடைத்தார்.

கோடுகளை எண்ணினார். பதினேழு. பள்ளமும் இருந்தது. மங்கிய விளிம்பு மங்கியபடியே, மற்ற விளிம்பு கூர்மையாக. வார்ப்பில் ஒரு குறையும் இல்லை.

அப்போது தெருவில் குப்பை வண்டியின் மணி கேட்டது.

முற்றம் அலங்கோலமாகக் கிடந்தது. ராமாத்தாள் இருந்தால் வைவாள் என்று நினைத்தார். உடைந்த மண்ணையும் சாம்பலையும் ஒரு சாக்கில் வாரினார். வட்டிலின் அடியில் மெழுகு உறைந்து, மேலே கரித்தூசி படிந்து பழுப்பாகக் கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மறு கையில் பித்தளைக் கட்டி இருந்தது. அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

வண்டிக்காரப் பெண் வட்டிலை வாங்கிப் பார்த்தார்.

“இது மக்கறதுங்களா சார், மக்காததா?”

“எதுல வேணாலும் போடு கண்ணு.”

“அப்படியெல்லாம் போட முடியாதுங்க. சூப்பர்வைசர் என்னையத்தான் கேப்பாரு.”

“உனக்குத் தெரியாததா? பாத்துப் போட்டுக்கோ.”

அந்தப் பெண் வட்டிலைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினார். மெழுகு விழுந்தது. வட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்.

சென்னியப்பன் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை அவர் மற்ற எல்லோருக்கும் முன்பே வந்துவிட்டார். லூர்துமேரி கரியை உடைத்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் கைக்குட்டையை அவிழ்த்து, பித்தளையை அவர் முன் வைத்தார்.

லூர்துமேரி கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். கோடுகளின் மேல் நகத்தை ஓட்டினார். பள்ளத்துக்கு வந்தபோது நகத்தை எடுத்துவிட்டார்.

“இவ்வளவு நேர்த்தியா நானே வார்த்ததில்லைங்க சார்.”

அவர் யாரையும் புகழ்ந்து எவரும் கேட்டதில்லை.

“இது உங்க விரலில்லை” என்றார் பிறகு.

சென்னியப்பன் சொன்னார். கொக்கி கட்டியதை, நூலை, கீச்சென்ற சத்தத்தை. பின்னறையைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஏழு மாதங்களாகச் சொல்லாததைச் சொல்லி முடிக்கக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.



“ஏனுங்க சார், அந்தக் கட்டிய மொதல்லயே எங்கிட்டக் காட்டியிருக்கலாமே.”

“காட்டியிருந்தா?”

“பிளாஸ்டர்ல அழுத்தி ஒரு அச்சு எடுத்திருப்பேன். அதுல வேற மெழுகை ஊத்தினா இன்னொரு கட்டி. அதை வெச்சு வார்த்திருக்கலாம். அம்மாவோட கட்டிக்கு ஒண்ணும் ஆயிருக்காது. அரைமணி நேர வேலைங்க.”

சென்னியப்பன் அவர் கையிலிருந்த பித்தளையைப் பார்த்தார்.

“போகட்டுமுங்க” என்றார். “இதான் இருக்குதே. அவ விரலு இதுல இருக்குதே.”

“இருக்குதுங்க.”

லூர்துமேரி பித்தளையை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். கரிக்கூடைப் பக்கம் திரும்பியவர், மீண்டும் அவரைப் பார்த்தார்.

“மெழுகு எங்கீங்க சார்?”

“எந்த மெழுகு?”

“வடிஞ்சுதல்லங்க. அது.”

சென்னியப்பனின் கை பித்தளையை இறுகப் பற்றியது. அவர் முதன்முறையாகத் தம் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்தார். அது அவருக்குச் சிறியதாக இருந்தது. சில்லென்றிருந்தது.

“சார்?”

“குப்பை வண்டியில போட்டுட்டேனுங்க அம்மிணி.”

லூர்துமேரி கரியை அள்ளிப் போட்டார். அடுப்பில் நெருப்பிட்டார். ஹேர் டிரையரை முடுக்கினார். கரி பற்றிச் சிவக்கும் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சென்னியப்பன் பித்தளைக் கட்டியை அவர் பக்கம் நீட்டினார்.

“இதையும் உருக்கிப்போடுங்க.”

லூர்துமேரி கையை நீட்டவில்லை.

“இதை உருக்குனா பித்தளைதான் வருமுங்க சார்.”

*

திருமூர்த்தி கதையை இங்கே நிறுத்தினார். அவிநாசியிலும் சேவூரிலும் கிடைத்த இரண்டு பாடங்கள் இன்னும் ஒரு நாள் நீள்கின்றன. அவற்றில் திங்கட்கிழமை காலை குப்பை வண்டிக்காரப் பெண் கதவைத் தட்டுகிறார்: “எந்தக் கூடையில போடறதுன்னே தெரியலைங்க சார். அதான் வண்டி மூலையிலயே வெச்சிருந்தேன்.” செய்தித்தாளில் மடித்த மெழுகைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார். கேட்பவர்கள் அந்த இடத்தில் சிரிக்கிறார்கள். மெழுகின் ஒரு பக்கம் வட்டிலின் அடியைப் போல் தட்டையாக இருந்தது என்றும், மறுபக்கம் கரித்தூசியாக இருந்தது என்றும் இரு பாடங்களும் சொல்கின்றன. பள்ளத்தைப் பற்றி இரண்டிலும் பேச்சில்லை.